அடுத்த கட்டம்

சுங்கைப்பட்டாணியில் வாங்கி வந்த, அரசாங்க வேலைக்கான எஸ்.பி.ஏ. பரீட்சைப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்ததும் கூட்டல் போட ஆரம்பித்துவிட்டாயே, பாப்பா! அட்டவணைக்குத் தலைப்பு என்னவென்று பார்த்தாயா? நானும் இருபது வயதில் இங்கேதான் சறுக்கினேன்.

பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குக் கிராணி வேலை. ராத்தல் போய்க் கிலோ வந்திருந்த சமயம். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் எடுப்பேன். வெயில் ஏறியதும் பால் ஸ்டோர் வாசலில் நோட்டோடு நிற்பேன். நிறுத்த எடையை ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். பிறகு கொஞ்சம் பாலில் தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, ரப்பர் எத்தனை விழுக்காடு என்று அடுத்த கட்டத்தில் எழுத வேண்டும்.

ஒருநாள் ஓர் அக்காவுக்கு 16 கிலோ, பக்கத்து நிரைக்காரருக்கு 20. "என்னக்கா, பாதி மரத்த விட்டுட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. பால் பிசுக்கு ஒட்டிய விரலால் அடுத்த கட்டத்தைத் தொட்டார். அவர் பாலில் 40 விழுக்காடு, மற்றவருடையதில் 30. பெருக்கிப் பார்: அக்காவுக்கு 6.4 கிலோ உலர்ந்த ரப்பர், மற்றவருக்கு 6 கிலோதான். கைநாட்டு வைக்கிறவர், ஆனால் கூலி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கிராணியைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

தலைப்பு, அலகு, மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் 'ஆயிரத்தில்', எல்லாம் பார். விழுக்காடு என்றால் எதனுடைய விழுக்காடு என்று கேள். 100 வெள்ளி 20 விழுக்காடு இறங்கி, மறுபடி 20 விழுக்காடு ஏறினால் 96தான். பட்டை வரைபடம் 90இல் தொடங்கினால், 96இன் பட்டை 92இன் பட்டையைப்போல மூன்று மடங்கு உயரமாகத் தெரியும், ஏமாந்துவிடாதே. விடைகள் தள்ளித் தள்ளி இருந்தால் 4,987ஐ 19,960ஆல் வகுத்துக்கொண்டு உட்காராதே. கால் பங்கு, அவ்வளவுதான்.

இன்னொன்று, கெட்டிக்காரப் பிள்ளைகளே விழுகிற குழி. ரப்பர் விளைச்சல் கோடு பிப்ரவரி, மார்ச்சில் சரிந்தால், மரம் இலை கொட்டுகிற காலம் என்று கெடாவில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் காரணம் தாளில் இல்லையென்றால் 'தகவல் போதாது' என்பதுதான் விடை. உன் தாத்தா தோட்டத்தில் இருந்தது பரீட்சைக்குத் தெரியாது.

சரி, கடிகாரத்தை வை. முதல் ஒரு நிமிடம் பென்சிலைத் தொடாமல் படி. நான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வருகிறேன்.