பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

உலா என்ற பிரபந்த வகையில் தலைவன் வீதியில் பவனி வருகிறான். அவனைப் பார்த்து மயங்குவதற்கென்றே ஏழு பருவத்துப் பெண்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். வயதுக் கணக்கும் உண்டு. நூலுக்கு நூல் சில்லறை வித்தியாசம் இருந்தாலும், வழக்கில் நிலைத்துவிட்ட கணக்கு பேதைக்கு ஐந்தில் தொடங்கி, பேரிளம்பெண்ணுக்கு 40-ல் முடிகிறது. சேரமான் பெருமாளின் திருக்கைலாய ஞான உலாவிலிருந்து, எங்களுக்குப் பக்கத்தில் காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர்மேல் இரட்டைப்புலவர் பாடிய உலா வரை இந்த வரிசைதான். 41 வயதுக்காரி வீதிக்கு வருவதில்லை. அவள் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று புலவன் எட்டிப் பார்ப்பதுமில்லை.

பழைய புலவர்களைக் குறை சொல்வது சுலபம். தேசிய குடும்ப நல ஆய்வு என்று அரசாங்கமும் ஒரு உலா நடத்துகிறது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது சுற்றில், இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று கண்டார்கள். பெண்கள் என்றால் 15 வயதிலிருந்து 49 வரை. 50 வயதுக்காரிக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. (ஆண்களை 54 வரை கணக்கில் எடுக்கிறார்கள்.) சபரிமலை வழக்கம் நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது: 10-லிருந்து 50 வரை வராதே. 2018-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியதும், 2019-ல் அதில் எழுந்த கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டதும் தெரிந்த விஷயம். ஆக, புலவன் 40-ல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், அரசாங்கம் 49-ல் கை கழுவுகிறது, ஐயப்பன் 50-க்கு மேல் வா என்கிறான். எனக்கு வயது 48.

எங்கள் தாமலில் இதைத் 'தூரம் நின்னுபோச்சு' என்று சொல்வார்கள். பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்து ஊர். பெரிய ஏரி, ஒரு வராகீஸ்வரர், ஒரு தாமோதரப் பெருமாள், சில வீடுகளில் பட்டுத் தறி. பெண் வயதுக்கு வருவதற்கு மட்டும் இந்த மொழியில் எத்தனை சொற்கள்! பூப்பு, ருது, சமைந்தாள், பெரியவளானாள், உட்கார்ந்தாள். மஞ்சள் நீர், பந்தல், மாமன் சீர், இப்போது ஃபிளெக்ஸ் பலகை வேறு. வந்ததற்கு ஊர் கூடுகிறது, போவதற்கு ஒரு சொந்தச் சொல்கூட இல்லை. வீட்டுக்குத் தூரமாய் உட்கார வைத்த 'தூரத்'தையே கடன் வாங்கி, அது நின்றது என்கிறோம். ஐரோப்பாவும் பெரிதாகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1821-ல்தான் இப்போது உலகம் முழுக்க வழங்கும் 'மெனோபாஸ்' என்ற பெயரை வைத்தார்.

'நிற்பது' என்பதும் தவறான வினை. பன்னிரண்டு மாதம் வராமலிருந்தால்தான் நின்றது என்று மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. பதினோராவது மாதம் வந்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து. நிற்பதற்கு முன்னால் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு இரண்டு வருஷமாகக் கொட்டியது. இருபது நாளுக்கு ஒரு தரம், எட்டு நாள், பத்து நாள்.

அலுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் கிடையாது, அதுதான் சங்கடம். களைப்பு வேலை செய்த பிறகு வருவது, ஒரு சொம்பு மோரில் தீரும். அசதி தூக்கம் கேட்கும். ஆயாசத்தில் கொஞ்சம் மனசும் கலந்திருக்கிறது. சோர்வு என்றால் ஏதோ தோல்வி நடந்த மாதிரி இருக்கிறது. எனக்கு இருந்தது காலையில் கண் விழிக்கும்போதே, ஒரு வேலையும் செய்யாத உடம்பில், எலும்புக்குள் ஈர மணல் கட்டி வைத்த மாதிரி இருப்பது. எங்கள் தெருக் கிழவிகள் 'ஓய்ச்சல்' என்பார்கள். 'கை கால் ஓய்ச்சலா இருக்குது.' கிட்டத்தட்ட இதுதான். அகராதியில் அது ஓய்வோடு சேர்ந்து கிடக்கிறது. இந்த ஓய்ச்சலில் ஓய்வு மட்டும் கிடையாது.

மார்கரெட் லாக் என்ற மானிடவியலாளர் ஜப்பானியப் பெண்களிடம் இந்த வயதைப் பற்றி விசாரித்து 1993-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அமெரிக்கப் பெண்கள் உடம்பில் தீப்பற்றுவதைச் சொன்ன அளவுக்கு ஜப்பானியப் பெண்கள் சொல்லவில்லை. அவர்கள் அதிகம் சொன்னது தோள் இறுகிப்போவதை. உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று நம்புகிறவர்களுக்கு இது தொந்தரவான செய்தி. எங்கள் பக்கத்துப் பெண்கள் உள்ளங்கால் எரிச்சலையும் ஓய்ச்சலையும் முதலில் சொல்கிறார்கள். 'குப்புனு வேர்க்குது' என்பது மூன்றாவதாக, சிரித்துக்கொண்டே வருகிறது.

எனக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை, காரணம் தறி. என் கணவர் கோர்வைப் புடவை நெய்கிறவர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்த இன்னொருவர் நான். அவர் மிதிக்கிறார், அடிக்கிறார், நான் தள்ளுகிறேன். இதில் யோசனை கூடாது, தாளம் தப்பக் கூடாது. தப்பினால் கரை ஓரத்தில் அது காலத்துக்கும் பல்லிளிக்கும். தறியிருக்கும் அறையில் நாங்கள் விசிறி போடுவதில்லை, இழை அசையும். அந்தப் புழுக்கத்தில் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சி என்று ஏறும். பிறகு வேர்வை. அரக்குப் பட்டில் ஒரு சொட்டு விழுந்தால் கறை. மூளைக்குள் உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடம் ஒன்றிருக்கிறது, ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அது அற்ப சூட்டுக்கும் பதறி ரத்தக் குழாய்களைத் திறந்துவிடுகிறது என்று பிறகு படித்தேன். படித்ததால் வேர்வை குறையவில்லை. ஆனால் பேய் பிடித்ததோ என்ற பயம் போயிற்று.

இந்த இடத்தில் பாவு அறுந்தது என்று ஒரு படிமம் போடலாம். நம் கவிஞர்கள் போடுவார்கள். அறுந்த இழையை எச்சில் தொட்டுத் திரித்துப் பிணைத்துவிடலாம், ஐந்து வயதுப் பெண்ணுக்கும் தெரியும். அதனால் படிமம் செல்லாது. படிமம் என்ற சொல்லே ஒரு நாள் எனக்கு வரவில்லை. ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்து, 'அந்த, அந்த' என்று அரை மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பத்திரிகை வாசகர்களில் சிலர் அது நல்லதுக்குத்தான் என்பார்கள்.

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் சின்னக் கட்டி. மருத்துவர் படத்தைப் பார்த்துக்கொண்டே, "குழந்தை பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு? எடுத்துடலாம்" என்றார். சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிடுவது நல்லது என்றார். தேதிகூடக் கொடுத்தார்கள். தெருவில் எனக்கு முன்னால் ஐந்து பேர் எடுத்துக்கொண்டவர்கள். எதிர்வீட்டுச் சின்னம்மா, "பதினஞ்சு நாள்ல எழுந்து தார் சுத்தலாம், பயப்படாத போடி" என்றார். அவர் எடுத்துக்கொண்டது 36 வயதில். 40-ல் முதுகு கூன ஆரம்பித்தது. இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை, யாரும் அவருக்குச் சொல்லவுமில்லை. சினைப்பைகளை எடுத்தால் பத்து வருஷத்தில் மெல்ல நடக்க வேண்டியது ஒரே ராத்திரியில் நடந்துவிடுகிறது. எலும்பு அதற்கான விலையைக் கொடுக்கிறது, இருதயமும்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் பலர் இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்த செய்தி 2019-ல் வெளியே வந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் பிடிப்பான். மாதம் மூன்று நாள் என்பது அவன் கணக்கில் நஷ்டம். தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்கும் வழிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. எங்கள் தெருவில் மேஸ்திரி கிடையாது. புடவைக்கு இத்தனை நாள் என்ற கணக்கு மட்டும் இருக்கிறது.

அப்போதுதான் ஔவையார் ஞாபகம் வந்தார். கதைப்படி அவர் பிள்ளையாரிடம் வேண்டி, கன்னியாக இருந்தவர் நேராகக் கிழவியாகிவிடுகிறார். காரைக்கால் அம்மையார் சதையை உதறிப் பேயுருக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். தமிழில் பெண் தன் குரலில் பேச வேண்டுமென்றால் இளமையிலிருந்து ஒரே தாவாகத் தாவ வேண்டியிருக்கிறது. நடுவில் உள்ள வருஷங்களை இருவரும் வாழவில்லை. குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002-ல் வந்து சண்டை நடந்தபோது நான் சந்தோஷப்பட்டவள்தான். சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி என்று ஒரு கூட்டமே உடலைக் கவிதைக்குள் கொண்டுவந்தது. ஆனால் அந்த உடலும் பெரும்பாலும் உலாவின் வரிசைக்குள் நிற்கிற உடல்தான். எழுதியவர்களின் வயது அப்படி, குற்றமில்லை. இப்போது அவர்கள் எல்லோரும் இந்த வயதைத் தொட்டாயிற்று அல்லது தாண்டியாயிற்று. காத்திருக்கிறேன்.

மருத்துவர் கொடுத்த தேதியும் அதே மாதிரி ஒரு தாவல்தான் என்று எனக்குப் பட்டது. இன்னொரு பக்கம், தாவ வேண்டாம், இருந்த இடத்திலேயே இரு என்று ஒரு குரல். சினைப்பட்ட குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942-லேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் 1966-ல் என்றென்றும் பெண்ணாகவே இருக்கலாம் என்று புத்தகமே போட்டார். 2002-ல் ஒரு பெரிய ஆய்வு, மார்புப் புற்றும் இருதய நோயும் கூடுகின்றன என்று பாதியில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் அந்தப் பயமும் திருத்தப்பட்டுவிட்டது. தொந்தரவு அதிகமாக உள்ள, 60 வயதுக்குட்பட்ட, வேறு ஆபத்துகள் இல்லாத பெண்களுக்கு நன்மையே அதிகம் என்கிறார்கள். எனக்கு அது வேண்டுமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

தேதிக்கு நான் போகவில்லை. வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு அவர், "வேற ஒருத்தர்கிட்ட காட்டலாமே" என்றார். இரண்டாவதாகப் பார்த்த பெண் மருத்துவர் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 7.9. தைராய்டும் பார்த்தார், சரியாக இருந்தது. கர்ப்பப்பையிலிருந்து திசு எடுத்துப் பார்த்துப் புற்று இல்லை என்றார். கட்டி சிறியது, தூரம் நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கும், அதுவரை போக்கைக் குறைக்க அந்த நாட்களுக்கு மட்டும் ஒரு மாத்திரை. இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பி டீயோடு சாப்பிடாதே, எலுமிச்சம் சாற்றோடு சாப்பிடு என்றார். என் ஓய்ச்சலில் பாதி, வயதின் பெயரில் வந்துகொண்டிருந்த வெறும் ரத்தசோகை. மீதிப் பாதி ராத்திரி மூன்று தரம் நனைந்து எழுவதால். அதற்குத் திண்ணையில் படுக்கிறேன். மருத்துவம் என்று சொல்ல முடியாது, காற்று வருகிறது.

கோர்வையை விடியற்காலைக்கு மாற்றினோம். நாலரைக்கு உட்கார்ந்து ஒன்பதுக்கு எழுந்துவிடுவோம். சூடு ஏறும்போது நான் கையைத் தூக்குவேன், அவர் மிதியை நிறுத்திவிட்டு அச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். தோளில் ஒரு துண்டு இருக்கும். புடவைக்கு நாலு நாள் கூடுகிறது, கூலிக் கணக்கில் அது தெரிகிறது. முதலாளி ஒரு தரம் கேட்டார். இவர், "வீட்ல உடம்பு சரியில்லீங்க" என்று முடித்துக்கொண்டார். அந்த வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் அதற்குப் பதிலாக அவர் சொல்லியிருக்க வேண்டிய சொல் எது என்று கேட்டால் என்னிடமும் இல்லை.

நாலு மாதத்தில் 10.4. படிமம் என்ற சொல் வந்துவிட்டது, மதிப்புரையும் போய்விட்டது. போன வாரம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்து என் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கி, தேய்ந்த அச்செழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு 44. "அக்கா, இது என்னா டெஸ்ட்டுனு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன்.