350 ரூபாய் டிவிடியும் அப்பா கேட்ட ஒரு கேள்வியும்!

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, வீட்டில் இருந்த ஆறு பிளேஸ்டேஷன் 4 கேம் டிஸ்குகளை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். தம்பிக்கு வெளிமாநிலத்தில் வேலை கிடைத்துவிட்டது. நான் சென்னையில். விளையாட ஆள் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து மொபைலில் விளம்பரம் டைப் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எல்லாத்தையும் எழுதிட்டியா கண்ணு?"

சாதாரண கேள்விதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. காரணம், 2014-ல் நடந்த ஒரு விஷயம்.

எங்கள் ஊர் பாகலூர். ஓசூரிலிருந்து மாலூர் போகும் ரோட்டில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், பஸ்ஸில் கன்னடம் என்று வளர்கிற பிள்ளைகள் இங்கே நிறைய. அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாக கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. நான் பிளஸ் ஒன் படித்தபோது, கூட வேலை பார்த்தவரிடமிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். படிப்புக்குத்தான். ஆனால் நானும் தம்பியும் அதில் படித்ததைவிட விளையாடியதுதான் அதிகம்.

எல்லாமே பென் டிரைவில் கை மாறி வந்த திருட்டு காப்பிகள். பாதி கேம் நடுவிலேயே நின்றுவிடும். கூடவே வைரஸும் வரும். 'ஒரே ஒரு ஒரிஜினல் கேமாவது வேணும்ப்பா' என்று நான் நச்சரிக்க ஆரம்பித்தேன். புதுசு 1,500 ரூபாய். பழசு வாங்கலாம் என்று வகுப்புத் தோழன் வழி சொன்னான்.

சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் எப்படியோ, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு அப்படி. ஒயர், மதர்போர்டு, மானிட்டர் என்று எல்லாமே அங்கே கிடைக்கும். ஒரு வாரம் முழுக்க ஓ.டி. பார்த்த அப்பா, வார விடுமுறையில் தூங்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பாகலூரிலிருந்து ஓசூர், அங்கிருந்து அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு டிராஃபிக் என்று கலாசிபாளையம் போய் இறங்கவே மதியம் ஆகிவிட்டது.

ஒரு சந்துக்குள் சின்னக் கடை. "ஏனு பேக்கம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார் கடைக்காரர். நான் கேட்ட துப்பாக்கிச் சண்டை கேமை எடுத்து வைத்தார். அழகான பெட்டி. உள்ளே டிவிடி, சின்ன புக், கீ நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கர் எல்லாம் இருந்தன. அப்பா டிவிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. 350 ரூபாய்.

அன்று இரவே இன்ஸ்டால் செய்தேன். இன்டர்நெட் கேட்டது. டாங்கிள் போட்டோம். கீ நம்பர் கேட்டது, அடித்தேன். 'இந்த எண் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது' என்று வந்தது. நாலு முறை அடித்தும் அதே பதில். அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் விடுமுறையில் தனியாக பெங்களூரு போய்வந்தார். "பெட்டில என்ன இருக்குன்னு காட்டித்தானே குடுத்தேன், நான் எங்க பொய் சொன்னேன்னு கேக்குறான்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. போக வர பஸ் சார்ஜையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, நான்தான் நாலு நாள் அழுதேன்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு காலத்தில் டிஸ்க் கையில் இருந்தால் கேம் நம்முடையது. 2004 நவம்பரில் வந்த 'ஹாஃப்-லைஃப் 2' இதில் ஒரு திருப்பம். கடையில் டிஸ்க் வாங்கினாலும், ஸ்டீம் கணக்கு தொடங்கி இன்டர்நெட் வழியாகப் பதிவு செய்தால்தான் விளையாட முடியும். கீ நம்பர் ஒரு கணக்கோடு ஒட்டிவிட்டால் அவ்வளவுதான், அடுத்தவர் அதைப் பயன்படுத்த முடியாது. கம்ப்யூட்டர் கேம்கள் பலவும் பிறகு இதே வழிக்குப் போயின. நாங்கள் வாங்கியது கேம் இல்லை. கேம் இருந்த பெட்டி.

வேலைக்குச் சேர்ந்த பிறகு தம்பிக்காக பழைய பிளேஸ்டேஷன் 4 வாங்கினேன். அதற்கு வரும் டிஸ்கைத் தாராளமாகக் கை மாற்றலாம். இந்த உரிமையும் சும்மா கிடைத்துவிடவில்லை. 2013 ஜூனில், எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பழைய கேம்களைக் கை மாற்றக் கட்டுப்பாடு வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. உலகம் முழுக்க விளையாடுகிறவர்கள் கொதித்துப்போனார்கள். அதே மாதம் 19-ம் தேதி அந்த முடிவை நிறுவனம் வாபஸ் வாங்கியது.

அன்றிலிருந்து பழைய கேம் வாங்கும்போது சில விஷயங்களைக் கவனமாகப் பார்ப்பேன். உங்களுக்கும் உதவலாம்.

கம்ப்யூட்டர் கேம் என்றால், பெட்டியின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'இன்டர்நெட் இணைப்பும் கணக்கும் தேவை' என்று இருந்தால், பழைய டிஸ்கை வாங்காமல் இருப்பதே நல்லது.

டிஸ்கை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 4 டிஸ்க் புளூ-ரே வகை. அதில் தகவல் பதிந்திருக்கும் அடுக்கு, படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. மேலே கெட்டியான பூச்சு இருந்தாலும் ஆழமான கீறல் ஆபத்து. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் கீறலைவிட, வட்டமாக ஓடும் கீறல் மோசம். துடைப்பதாக இருந்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள்.

முடிந்தால் விற்பவர் வீட்டிலேயே போட்டு, பத்து நிமிடம் விளையாடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டிஸ்குக்குப் பதில் 'அக்கவுன்ட் தர்றேன், பாஸ்வேர்டு தர்றேன்' என்றால் நகர்ந்துவிடுங்கள். பழைய சொந்தக்காரர் தன் இமெயில் வழியாக அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும்.

முழுக்க ஆன்லைனிலேயே ஓடும் கேமா என்றும் விசாரியுங்கள். 2014-ல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய டிஸ்கும் அன்றோடு வெறும் தட்டு.

கடைசியாக, பெட்டிக்குள் கூடுதல் கார், கூடுதல் உடை என்று ஏதாவது கோடு இருந்தால், அது ஒருமுறைதான் வேலை செய்யும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

என் ஆறு டிஸ்குகளில் ஒன்று ஸ்பெஷல் எடிஷன். அதன் கோடை முதல் நாளே தம்பி பயன்படுத்திவிட்டான். ஆனால் நம்பர் அச்சிட்ட சீட்டு பெட்டியில் பத்திரமாக இருந்தது. விளம்பரத்தில் நான் எழுதியிருந்த வரி இது: 'பெட்டி, கோடு சீட்டு எல்லாம் அப்படியே இருக்கிறது.' விலை 1,200 ரூபாய். அந்த வரியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தினமும் தலைப்பு எழுதிப் பழகிய கை அல்லவா, பொய் சொல்லாமலே ஏமாற்றுவது எப்படி என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எஸ்.பி. ரோடு கடைக்காரர் அப்பாவிடம் சொன்னதும் இதே வரிதான்.

அப்பாவுக்குக் கோடு பற்றியெல்லாம் தெரியாது. பொதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்த வரியை அழித்தேன். 'கோடு பயன்படுத்தியாகிவிட்டது, இனி வேலை செய்யாது. ஒரு டிஸ்கில் லேசான கீறல் உண்டு, ஆனால் ஓடுகிறது' என்று எழுதினேன். 1,200-ஐ 800 ஆக்கினேன்.

முதலில் ஒருவர் போன் செய்து, "பாகலூர் வந்துட்டேன், எங்க இருக்கீங்க?" என்றார். விசாரித்தால், பெங்களூரு ஏர்போர்ட் பக்கம் இருக்கிற இன்னொரு பாகலூரில் நிற்கிறார். பெங்களூரையே குறுக்கே கடந்துதான் இங்கே வர வேண்டும். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

மாலையில் பேரிகையிலிருந்து எக்ஸெல் வண்டியில் ஒரு அப்பாவும் பையனும் வந்தார்கள். பையனுக்கு பதிமூன்று வயது இருக்கும். அவன் அப்பா டிஸ்கை வாங்கி, டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு வேறு ஒருவரைப் பார்ப்பதுபோல இருந்தது. டிவியில் போட்டுக் காட்டினேன். கோடு விஷயத்தை வாயாலும் ஒருமுறை சொன்னேன். "அதான் போட்டிருந்தீங்களே, அதைப் பாத்துதான் வந்தோம்" என்றார் அவர்.

மூன்று டிஸ்குகளை எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது பையன் கேட்டான்.

"அக்கா, நான் விளையாடி முடிச்சிட்டு இதை வித்துக்கலாமா?"

இன்று பெரும்பாலும் டவுன்லோடு செய்துதான் விளையாடுகிறோம். அங்கே 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தினாலும் கிடைப்பது விளையாடும் அனுமதி மட்டும்தான். அதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் சட்டமே போட்டிருக்கிறது. அந்த அனுமதியை நாம் விற்கவும் முடியாது, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்கவும் முடியாது. இவன் கையில் இருப்பது அப்படி இல்லை.

"தாராளமா விக்கலாம் தம்பி. கோடு செத்துப்போச்சுன்னு மட்டும் மறக்காம சொல்லிடு" என்றேன்.

வண்டி கிளம்பிய பிறகு அப்பா கேட்டார். "எவ்வளவு கண்ணு வந்துச்சு?"

"2,100ப்பா."

"பரவால்லியே" என்று மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார்.