உப்பு அங்கே, ஈரம் இங்கே

வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த கராஜ் பாஸ், ஸ்குரூ டிரைவரால் அடிச்சட்டத்தின் ஓரத்தை இலேசாகக் குத்தினார். இரும்பில் இரும்பு படும் ஓசை எழவில்லை. நனைந்த காகித அட்டையில் குத்தியது போல அது உள்ளே இறங்கிற்று. "சேர், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றார். பார்த்தேன். கறுப்பாகப் பளபளத்த பூச்சின் கீழே அடுக்கடுக்காக உப்பிப்போயிருந்தது துரு. விரல் பட்டதும் உதிர்ந்தது.

அந்த வேனை வாங்கச் சொன்னவன் நான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

என் தம்பி ஹட்டனில் பாடசாலை வேன் ஓட்டுகிறான். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் காலையில் ஏற்றிவந்து, பிற்பகலில் கொண்டுபோய் விடுவது அவன் தொழில். 2019 ஆம் ஆண்டில் பழைய வண்டியை விற்று, மனைவியின் நகைகளை அடகு வைத்து, என்னிடமும் கொஞ்சம் வாங்கி இந்த வேனை எடுத்தான். ஜப்பானில் ஓடி, இங்கே இறக்குமதியாகி, ஒருவர் கையில் சில ஆண்டுகள் இருந்த வண்டி. நான்தான் கூடப் போனேன். இருக்கைகளைப் பார்த்தேன், இயந்திரத்தின் ஓசையைக் கேட்டேன். அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். "கீழ்ப்பக்கத்தைக்கூட விட்டுவைக்காத கவனமான மனிதர்கள்" என்று மெச்சிக்கொண்டேன். அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் கேள்வி கேட்டே முப்பது ஆண்டுகளாகச் சம்பளம் வாங்கியவன், இந்த வண்டி ஜப்பானில் எந்த ஊரில் ஓடியது என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

2023 ஜூன் மாதம். தென்மேல் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. ஒன்பது பிள்ளைகளுடன் இறக்கத்தில் வந்தபோது பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் எண்ணெய்க் குழாய் துருவேறி வெடித்திருந்தது. முன்சக்கரங்களுக்கான சுற்று தனியாக இருந்ததால் அரைகுறைப் பிடிப்பாவது எஞ்சியது. தம்பி கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, வண்டியைத் தேயிலைப் பக்கம் ஒடித்தான். முன்சக்கரம் கானில் இறங்கி நின்றது. மறுபக்கம் என்ன இருந்தது என்று மலைநாட்டு வீதிகளில் பயணம் செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளில் யாருக்கும் கீறல்கூட இல்லை. அன்று இரவு தொலைபேசியில் பேசியபோது தம்பி அழுதான். "அண்ணே, ஒன்பது வீட்டுக்கு நான் என்னண்ணே பதில் சொல்லியிருப்பேன்?" என்றான். என்னிடமும் பதில் இருக்கவில்லை.

பாஸ் எடுத்த படங்களை ரொறன்ரோவில் இருக்கும் அக்கா மகனுக்கு அனுப்பினேன். அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "மாமா, இது மழையில வந்த துரு இல்ல. இது உப்பு. இங்க பத்து வருஷம் ஓடின எந்தக் காரைக் கவிழ்த்தாலும் இப்படித்தான் இருக்கும்" என்றான்.

உப்பா? நுவரெலியாவிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பாதி நாள் பயணம் செய்ய வேண்டும். பிறகுதான் விளங்கியது. பனி பெய்யும் நாடுகளில் வீதி உறைந்து வழுக்காதிருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புநீர் சாதாரண நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும் என்பது பள்ளிக்கூட விஞ்ஞானம். குளிர் மிகவும் கடுமையானால் சோடியம் குளோரைட்டு போதாமல் கல்சியம் குளோரைட்டையும் பயன்படுத்துகிறார்கள். சக்கரங்கள் வாரியடிக்கும் அந்தக் கரைசல் வண்டியின் அடியில், கதவுகளின் கீழ் மடிப்புகளில், இரண்டு தகடுகள் சேரும் இடுக்குகளில் போய்த் தங்குகிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். ஆனால் உப்பு கலந்த நீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் அந்த வேலை பன்மடங்கு விரைவாகிறது. கல்சியம் குளோரைட்டோ காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும்; இடுக்கைக் காயவே விடாது.

இன்னொரு விடயமும் மருமகன் சொன்னான். கடுங்குளிரில் வெளியே நிற்கும் காரைவிட, உப்போடு கொண்டுவந்து வெதுவெதுப்பான கொட்டிலில் நிறுத்தும் கார்தான் விரைவாக அரிக்கப்படுமாம். உறைநிலையில் துரு தூங்குகிறது. ஈரமும் மிதமான வெப்பமும் கிடைத்தால் விழித்துக்கொள்கிறது.

அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊரின் காலநிலை நினைவுக்கு வந்தது. நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும். தேயிலைக் கொழுந்து கருகும். ஆனால் வீதியில் யாரும் உப்புப் போடுவதில்லை. மற்ற நாட்களெல்லாம் மூடுபனியும் தூறலும்தான். ஹட்டனுக்குக் கீழே வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டி மழை பெய்கிறது. துவைத்த துணியே மூன்று நாள் காயாத ஊரில் தகட்டின் இடுக்கு எப்படிக் காயும்? ஜப்பானின் ஹொக்கைடோவும் வடக்கு மாகாணங்களும் உலகிலேயே அதிகம் பனி பெய்யும் இடங்களைச் சேர்ந்தவை. அங்கே சில குளிர்காலங்களில் உப்பை ஏற்றிக்கொண்ட வண்டி, அந்த உப்புக்கு வேண்டிய ஈரத்தைத் தேடி எங்கள் மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கறுப்புப் பூச்சு அதை மறைத்தது மட்டுமல்ல, உள்ளேயிருந்த ஈரத்தை வெளியேறவிடாமல் மூடியும் வைத்திருந்தது.

(யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதைக் கறள் என்பார்கள். எங்கள் மலையில் துருதான். கறள் என்று சொல்லும்போது பல்லில் ஏதோ கடிபடுவது போல இருக்கிறது. பொருளுக்கு அதுவே பொருத்தமான சொல் என்று தோன்றுகிறது.)

ஆனால் உப்பு எங்களுக்குப் புதியது என்று சொல்வதும் சரியல்ல. என் அப்பா தோட்டத்து லொறிச் சாரதி. ஒரு நாள் கொழுந்து ஏற்றும் அதே லொறியில் இன்னொரு நாள் உரம் ஏறும். உரம் இறக்கிய மாலைகளில், எத்தனை மணியானாலும், லொறியை ஆற்றோரம் நிறுத்திக் கழுவாமல் அப்பா வீட்டுக்கு வந்ததில்லை. நாங்கள் வாளி தூக்கிக் கொடுப்போம். "உரம் இரும்பைத் தின்னும்டா" என்பார். வேறு விளக்கம் அவரிடம் இருந்ததில்லை. தேயிலைக்கு இடும் பொட்டாஷ் உரம் பொற்றாசியம் குளோரைட்டு என்பதும், பனிநாட்டு வீதியில் கொட்டும் உப்பும் அதுவும் ஒரே குளோரைட்டுக் குடும்பம் என்பதும், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு மருமகனுடைய தயவில் எனக்குத் தெரிந்தது. கழுவிக் காய்ந்த பின் பழைய இயந்திர எண்ணெயை அடியில் பூசுவார். கனடாவிலும் குளிர்காலத்துக்கு முன் அடிப்பாகத்துக்கு எண்ணெய் தெளிப்பிப்பது வழக்கமாம். அப்பா பூசிய எண்ணெயில் ஒரு பங்கு ஆற்றுக்கும் போயிருக்கும். அந்தக் காலத்தில் எங்களில் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

வேனை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாமே என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு பழைய வண்டிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. இதே வேனை நல்ல விலைக்கு வாங்க ஆட்கள் இருந்தார்கள். இன்னொரு கறுப்புப் பூச்சு அடித்தால் போதும். தம்பி அதற்குச் சம்மதிக்கவில்லை. அவன் என்னைவிட நல்லவன் என்பதை அன்று எழுதி வைத்துக்கொண்டேன்.

பாஸ் ஆறு வாரம் வேலை செய்தார். பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தார். செத்த தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டினார். மிஞ்சியதை வெள்ளிபோல் மின்னும்வரை தேய்த்து, நாகம் கலந்த பூச்சு அடித்தார். லயத்துக் கூரைத் தகரத்தில் பூசியிருக்கும் அதே நாகம்தான். இரும்புக்கு முன்னே தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். பிரேக் குழாய்களை அடியோடு மாற்றி, செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போட்டார். அது துருப்பிடிக்காது. கதவுகளின் அடியில் நீர் வடியவென்று இருக்கும் சிறு துளைகள் சேற்றால் அடைபட்டுக் கிடந்தன. அவற்றைக் கம்பியால் குத்தித் திறந்தபோது ஒரு கதவிலிருந்து அரை வாளித் தண்ணீர் கொட்டியது. நகைகள் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. சில மாதங்களின் பின் கொட்டகலையில் உள்ள உறவினர் ஒருவர், வேன் பார்க்கக் கூட வரும்படி அழைத்தார். ஏன் என்னை அழைத்தார் என்பது புரியவில்லை, போனேன். இம்முறை ஒரு டோர்ச் விளக்கையும் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டேன். வண்டி கண்ணாடிபோல இருந்தது. ஜப்பானிய ஏலத் தாளைக் கேட்டேன். அதில் வண்டியின் படத்தைப் போட்டு, குறைகளை எழுத்துகளால் குறிப்பார்கள். 'எஸ்' என்றால் துரு. 'சி' என்றால் அரிப்பு. ஏற்றுமதிச் சான்றிதழில் பழைய பதிவு இலக்கத்தோடு பதிவான ஊரும் இருக்கும். விற்பவர், தாள் கொழும்பில் இருக்கிறது, பிறகு அனுப்பலாம் என்றார். நான் சாக்கை விரித்தேன்.

"சேர், கீழ என்ன பார்க்கப் போறீங்க? மேல பாருங்க, எவ்வளவு சுத்தம்" என்றார் அவர்.

அடிப்பாகம் முழுவதும் புதிய கறுப்புப் பூச்சு. இன்னும் வாசனைகூடப் போகவில்லை. எழுந்து சாக்கை உதறி மடித்தேன். உறவினர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் பஸ் பிடித்து வந்துவிட்டோம்.