ஈரப்பலா நிழல்

பாம் றோட்டால் வந்து ஒழுங்கைக்குள் திரும்பினால் ஈரமண் வாசம் முகத்தில் அடிக்கும். முகத்துவாரப் பக்கத்து உப்புக்காற்றில் கருவாட்டு மணமும் கலந்திருக்கும். எங்கள் வளவின் ஈரப்பலாவுக்குக் கீழே வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். பெரியம்மாவின் பன்னத்துக்கும் கலாடியத்துக்கும் அந்தப் பொட்டு வெயிலே போதும். குரோட்டனை மட்டும் மதிலோரம் வைப்பா. நிழலில் நின்றால் அதன் சிவப்பும் மஞ்சளும் மங்கி வெறும் பச்சையாகிவிடும்.

அந்தூரியச் சட்டிக்குத் தேங்காய் மட்டையை நாட்கணக்கில் ஊறப்போட்டு, சாயம் போக அலசித்தான் வெட்டிப் போடுவா. மீன் கழுவின தண்ணி ஒரு சொட்டும் கானுக்குள் போகாது.

தை, மாசி வறண்டால் கலாடியம் இலை இலையாய்ச் சாய்ந்து மண்ணுக்குள் ஒடுங்கும். செத்துப்போச்சென்று சட்டியைக் கொட்டப் போனால், "கிழங்கு உறங்குது, விடுங்கோ" என்று ஏச்சு விழும். சித்திரை மழைக்குப் பீடிச் சுருள் மாதிரி ஒரு முளை வெளிவரும். அவிழ்ந்தால், பச்சைக்கு நடுவே இரத்தச் சிவப்பில் நரம்பு. விரல் வைக்கப் பயமாயிருக்கும், அவ்வளவு மெல்லிசு. அந்த வறட்சியில்தான் களனி கங்கைக்குள் கடல்நீர் ஏறும், கிணறு உவர்க்கும், இலையோரம் கருகும். பைப்படியில் காத்து நின்று பிடித்த தண்ணியில் முதல் வாளி செடிகளுக்குத்தான்.

பக்கத்து வீட்டு நோனாவோடு வேலிக்கு மேலால் துண்டு மாற்றிக்கொள்வா. கேட்டு வாங்கின துண்டு பிடிக்காது, களவாய் முறிச்சால்தான் தளிர்க்கும் என்பது இரண்டு பேருக்கும் பொதுவான நம்பிக்கை. ஒருத்தி முறிக்கையில் மற்றவ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பா.

83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எதிர்வீட்டு டீச்சர் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனா. அவவின் சட்டிகளை நோனாதான் தன் விறாந்தையில் அடுக்கி, திரும்பி வருவா என்று வருசக்கணக்காய்த் தண்ணி ஊற்றினா. 1989 ஜூனில் கங்கை பெருகி ஒழுங்கைக்குள் வந்தபோது, அரிசி மூட்டைக்கு முன்னால் அந்தச் சட்டிகள்தான் மேசையில் ஏறின. டீச்சர் வரவேயில்லை.

ஈரப்பலாவை வெட்டி மாடிவீடு கட்டிவிட்டார்கள். கலாடியம் இப்போதும் கடையில் வாங்கலாம், வைக்க நிழல்தான் இல்லை. நோனாவின் பிள்ளைகளும் வளவை விற்றுப் போய்விட்டார்கள். டீச்சரின் சட்டிகள் யார் கைக்குப் போயினவோ, கேட்க அந்த ஒழுங்கையில் தெரிந்த முகம் ஒன்றும் மிச்சமில்லை.