தரையில் கிடக்கும் கம்பு

புனேயில் நான் குடியிருக்கும் வீட்டின் கூடத்தில் இரு முனையும் திறந்த ஓர் அட்டைப்பெட்டி, ஒரு பழைய மரப்பலகை, தரையில் கிடக்கும் நான்கு மாப் கம்புகள் ஆகியவற்றைக் காண்போர் காரணம் கேட்கிறார்கள். ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. எழுதத் தூண்டியது பெருமிதமன்று, நான் செய்த ஒரு பிழை.

கடுகு என்னிடம் வந்தபோது அதற்கு மூன்று மாதம். நம் நாட்டில் பலரும் பொமரேனியன் என்றே அழைக்கும் வெண்ணிற இந்திய ஸ்பிட்ஸ் குட்டி. சிறிய நாய்க்கு மடியே போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதன் உடலுக்கும் அறிவுக்கும் வேலை வேண்டும். அது கிடைக்காதபோது குரைப்பும் கடிப்பும் மிகும். ஆகவே அஜிலிட்டி என்னும் தடைதாண்டும் பயிற்சியை வீட்டிலேயே தொடங்கினேன். குதிரைகளின் தடைதாண்டும் போட்டியை முன்மாதிரியாகக் கொண்டு, 1978இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் இடைவேளையில் காட்டப்பட்ட விளையாட்டு அது. இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது.

ஐந்தாம் மாதத்தில் கடுகு இரண்டு புத்தகங்களின் மேல் வைத்த கம்பை எளிதாகத் தாண்டியது. நண்பர் ஒருவர் காணொளி கேட்டார். இரண்டு புத்தக உயரம் படத்தில் எடுபடாது என்று எண்ணி, நாற்காலிகளின் குறுக்குச் சட்டத்தில் கம்பை வைத்தேன். குட்டி தயங்கியது. கையில் கோழித் துண்டைக் காட்டி அழைத்தேன். தாண்டியது. வழவழப்பான டைல்ஸ் தரையில் முன்னங்கால்கள் விலகிச் சரிய, அலறிக்கொண்டு விழுந்தது. இரண்டு நாள் வலது முன்காலைத் தரையில் ஊன்றவில்லை.

கால்நடை மருத்துவர் எலும்பு முறியவில்லை என்றார். பிறகு இரண்டே கேள்விகள் கேட்டார்: “வயது என்ன? தரை எப்படிப்பட்டது?” குட்டிகளின் நீள எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்னும் மென்மையான குருத்தெலும்புப் பகுதி உண்டு. சிறிய இனங்களில் ஓராண்டுக்குள்ளும், பெரிய இனங்களில் அதற்குப் பின்னருமே அது பெரும்பாலும் எலும்பாகி மூடிக்கொள்ளும். அதற்குமுன் ஏற்படும் காயம் காலின் வளர்ச்சியையே கோணலாக்கக் கூடும். இங்கிலாந்தின் கென்னல் கிளப் பதினெட்டு மாதம் நிறையாத நாயைப் போட்டியில் அனுமதிப்பதில்லை.

நான் கல்வியியலில் ஆய்வு செய்பவன். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல், சிக்கலான செயலைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் கற்பவர் வெல்லும்படி அமைப்பதைப் பற்றியது. விலங்குகளுக்குக் கற்பிப்பது குறித்து ஸ்கின்னர் 1951இல் எழுதிய கட்டுரையை அதில் விரிவாக ஆராய்ந்திருக்கிறேன். என் நெறியாளர் பாராட்டிய இயல் அது. அதை எழுதிய கைதான் கம்பை உயர்த்தியது.

மருத்துவர் சொன்ன ஓய்வு முடிந்தபின் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். டைல்ஸ்மேல் வழுக்காத ரப்பர் விரிப்பு. அதன்மேல் நான்கு கம்புகள், தரையோடு தரையாக. தாண்டுவதற்கல்ல, நடப்பதற்கு. முன்கால்களைக் கவனித்து வைக்கும் குட்டி பின்கால்களை மறந்துவிடுகிறது. கம்புகளுக்கிடையே மெல்ல நடக்கும்போதுதான் அவையும் தன்னுடையவை என்று கற்றுக்கொள்கிறது. நான்கு கால்களும் கம்பைத் தொடாமல் கடந்த கணத்தில் பேனாவின் பொத்தானை அழுத்தி ‘டிக்’ என்ற ஒலி எழுப்புவேன். உடனே கடலைப்பருப்பளவு உணவு. அந்த அளவை அன்றைய உணவிலிருந்து குறைத்துவிட வேண்டும். நான்கு கிலோ எடையுள்ள உடலுக்குச் சிறு மிகையும் சுமைதான்.

பலகையையும் முதலில் தரையிலேயே வைத்தேன். பிறகு அடியில் ஒரு சுருட்டிய துண்டு. அது சற்றே அசையும், மெல்ல ஒலிக்கும். ஏற்றஇறக்கப் பலகையில் நாய்கள் அஞ்சுவது உயரத்தைவிட அசைவையும் ஓசையையும்தான். சிறிய நாய்க்கு மேலிருந்து குனியும் மனித உருவமும் அச்சம் தருவதே. எனவே நான் தரையில் அமர்ந்துகொண்டேன். ஒரு வேளைக்கு மூன்று நிமிடம், அதற்குமேல் இல்லை. குட்டி இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே முடித்துவிட வேண்டும்.

அட்டைப்பெட்டிதான் நீண்ட நாள் எடுத்தது. அருகே சென்றதும் கடுகு கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும். முன்பு இவற்றைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். இவை தயக்கத்தின் சொற்கள். கம்பை உயர்த்திய அன்றும் அது இவற்றைச் சொல்லியிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. இம்முறை தள்ளவில்லை, இழுக்கவில்லை. மறுமுனையில் படுத்துக் காத்திருந்தேன். ஒன்பதாம் நாள் மாலை, பெட்டியின் இருளுக்குள்ளிருந்து ஈரமான ஒரு மூக்கு வெளியே வந்தது.

சென்ற வாரம் வகுப்பில் ஒரு மாணவி நான் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே நின்றாள். வழக்கமாக அவளைத் தாண்டி அடுத்தவரிடம் போயிருப்பேன். அன்று அதைவிடச் சிறிய கேள்வி ஒன்றைக் கேட்டேன். சொன்னாள்.

கடுகுக்கு இப்போது எட்டு மாதம். காணொளி கேட்ட நண்பர் நேற்று மீண்டும் நினைவூட்டினார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஒரு நாய் கம்புகளைக் கடந்து நடக்கிறது, அவ்வளவுதான் என்று பதில் அனுப்பினேன்.