உம்மாவுக்கு நான் ஒதுக்கிய இடம்

என் உம்மாவின் குரலை நொடிக்கு 11,025 மாதிரிகள் என்ற கணக்கில் கணினியில் ஏற்றினேன். நாகூர் ஹனிபாவின் பாட்டுகளை 44,100 என்ற கணக்கில் ஏற்றினேன். இரண்டும் 2006-இல் ஒரே கணினியில் அடுத்தடுத்துச் செய்த வேலை. எந்த எண் எதைத் தரும், எதைப் பறிக்கும் என்று தெரிந்தேதான் செய்தேன். "பழைய டேப்பு, இவ்வளவுதான் வரும்" என்று என் ராத்தாவிடம், அதாவது அக்காவிடம், சொல்லிப் பல வருஷமாக நம்பவிட்டது பொய்.

அந்த கேசட்டுகள் எப்படிப்பட்டவை என்று முதலில் சொல்லவேண்டும். காயல்பட்டினத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஆண்களின் பாதி வாழ்க்கை சபரில், வெளிநாட்டுப் பிழைப்பில், கழியும். கொழும்பு, ஹாங்காங், பிறகு வளைகுடா. பெண்கள் தாய் வீட்டிலேயே இருந்து பிள்ளைகளை ஆளாக்குவார்கள். என் வாப்பா ஹாங்காங்கில் கல் வியாபாரத்தில் இருந்தார். உம்மாவின் தலைமுறைக்கு முந்தியவர்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் கடிதம் எழுதினார்கள். எண்பதுகளில் வீட்டுக்கு டேப் ரெக்கார்டர் வந்தபிறகு உம்மா பேசியே அனுப்பினார். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திவிட்டு ஸலாம் சொல்லித் தொடங்குவார். மீன் விலை, எந்தத் தெருவில் யாருக்குக் கல்யாணம், என் அண்ணனான காக்காவின் மார்க்கு, கூரை ஒழுகுவது, ராத்தாவுக்கு வந்த வரன் என்று ஒரு பக்கம் முழுக்கப் போகும். இரவில் பதிந்தால் காசிம் புலவரின் திருப்புகழில் ஒன்றை மெதுவாக ஓதிக்காட்டுவார். யாராவது ஹாங்காங் புறப்பட்டால் தம்மடை, ஓட்டுமா என்ற பலகாரங்களோடு கேசட்டும் போகும். வாப்பா எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். சபரை முடித்துக்கொண்டு ஊரோடு வந்தபோது திரும்பக் கொண்டுவந்தார்.

அவற்றைக் கணினியில் ஏற்றும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் கணினி தெரிந்தவன் நான்தான்.

மாதிரி எண்ணில் ஏறக்குறைய பாதியளவு வரைதான் ஒலியின் அதிர்வெண் பதிவாகும். 44,100 என்றால் 22,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது மனிதக் காது எட்டக்கூடிய எல்லாமே வந்துவிடும். 11,025 என்றால் 5,500-ஐத் தாண்டாது. பேச்சின் பொருள் அதற்குள் அடங்கிவிடும் என்பது உண்மைதான், தொலைபேசியில் 3,400 ஹெர்ட்ஸோடு உலகமே பேசியது. ஆனால் ஸகரம், ஃபகரம் இவற்றின் வலுவில் பெரும்பகுதியும், ஷகரத்தின் வலுவில் ஒரு பங்கும் நாலாயிரத்துக்கு மேலேதான். எங்கள் ஊர்ப் பேச்சில் ஸலாமும் ஸபுரும் ஷுக்ரும் இல்லாத பேச்சு ஏது? உம்மாவுடையது ஓதிப் பழகிய நாக்கு. ஸீன், ஸாத் என்ற இரண்டு அரபு எழுத்துகளையும் பிரித்துச் சொல்கிற நாக்கு. அந்த நுனியைத்தான் நான் வெட்டினேன். வெட்டியதை 24 கிலோபிட் எம்பி3 ஆக்கி இன்னும் நசுக்கினேன்.

காரணம் இடம். 44,100, பதினாறு பிட், ஸ்டீரியோ என்று வைத்தால் ஒரு மணி நேர கேசட் 635 மெகாபைட் வரும். ஒரு கேசட்டுக்கு ஒரு சிடி. நான் வைத்த செட்டிங்கில் ஒரு மணி நேரம் 11 மெகாபைட்டுக்குள் முடிந்தது, உம்மாவின் குரல் முழுவதும் ஒரே சிடியில் அடங்கியது. சிடி ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. அதே வாரம் ஹனிபாவின் கேசட் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிடி செலவழித்தேன். அந்தப் பாட்டுகள் கடையில் கிடைக்கும், பக்கத்து வீட்டில் இருக்கும், தமிழ் பேசும் எந்த நாட்டிலும் இருக்கும். உம்மாவின் கேசட் உலகத்தில் ஒன்றுதான். 'பேச்சுத்தானே, பாட்டா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு பெண் தன் கணவனிடம் கூரை ஒழுகுவதைச் சொல்வதற்கு அவ்வளவு இடம் போதும் என்று நானே மதிப்புப் போட்டேன். என் தவறு அங்கேதான் இருக்கிறது. மற்றவை அதைத் தொடர்ந்து வந்தவை.

அவற்றில் ஒன்றையாவது விரிவாகச் சொல்லவேண்டும். அந்தக் கால ரெக்கார்டர்களில் பேச்சு நின்றால் கருவி தானாகவே ஒலியைப் பிடிக்கும் அளவைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே உம்மா அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்கும் இடங்களில் வீடு கேட்கத் தொடங்கும். மின்விசிறி, ஊஞ்சல் சங்கிலி, முடுக்கில் நடந்துபோகும் பெண்களின் பேச்சு, தூரத்துப் பள்ளியின் பாங்கு. கணினியில் இரைச்சல் நீக்க வேண்டுமானால், இதுதான் இரைச்சல் என்று ஒரு துண்டை முதலில் தேர்ந்து காட்டவேண்டும். பிறகு அதைப்போல இருப்பதையெல்லாம் அது பதிவு முழுவதிலும் கழித்துவிடும். உம்மா பேசாதிருந்த ஓர் இடத்தைத் தேர்ந்து காட்டினேன். அளவையும் உச்சத்தில் வைத்தேன். ஹிஸ்ஸென்ற சத்தம் போனதும் எனக்குப் பெருமையாக இருந்தது. அதோடு வீடும் போயிற்று. மிச்சமிருந்த குரலில் உலோகம் போன்ற ஒரு நடுக்கம் ஏறிக்கொண்டது.

டேப்பை உரசிப் படிக்கும் ஹெட்டின் சாய்வையும் நான் பார்க்கவில்லை. பதிந்த கருவியின் ஹெட் ஒரு சாய்விலும், ஓட்டும் கருவியின் ஹெட் வேறு சாய்விலும் இருந்தால் மேல் ஒலிகள் மங்கும். இரண்டு பக்கத்தையும் கூட்டி மோனோ ஆக்கினால் இன்னும் மங்கும். ஒரு சின்னத் திருகைத் திருப்பி, காதால் கேட்டுச் சரிசெய்யும் வேலை. ஹனிபா கேசட்டுகளுக்குச் செய்தேன்.

பிறகு கேசட்டுகளை எறிந்தேன். கடல் காற்றில் சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் சமயம். பதிந்தாயிற்றே என்று குப்பையோடு அனுப்பிவிட்டேன், யாரையும் கேட்கவில்லை. கேசட் கையில் இருந்திருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் இன்னொரு முறை சரியாகச் செய்திருக்கலாம். பூஞ்சையைத் துடைக்கவும் வழி உண்டு.

ஒலிக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐயாசா, டிசி-04 என்ற வழிகாட்டியை 2004-இலேயே வெளியிட்டுவிட்டது. குறைந்தது 48,000 மாதிரி, 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு என்கிறது அது. முடிந்தால் 96,000. மூலப் பதிவில் இரைச்சலை நீக்காதே, பேச்சைப் பாட்டைவிடத் தாழ்வாக நடத்தாதே என்றும் சொல்கிறது. பேச்சைப் பற்றிய அந்தப் பகுதியை வெகுகாலம் கழித்துப் படித்தபோது மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை. ஆனாலும் அதைச் சாட்சிக்கு இழுத்து, முன்பே தெரிந்திருந்தால் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஹனிபாவுக்குச் செய்ததை உம்மாவுக்கும் செய்திருந்தாலே போதும்.

உம்மா மவுத்தான பிறகு ஒரு நாள் ராத்தா அந்த சிடியைக் கேட்டார். கொஞ்ச நேரத்திலேயே நிறுத்தச் சொன்னார். "என்ன தம்பி, உம்மா தண்ணிக்குள்ள இருந்து பேசுறாப்ல இருக்கு? உம்மா ஸலாம் இப்படியா சொல்லும்?" என்றார். பழைய டேப்பு என்று சொன்னது அப்போதுதான். அவர் நம்பினார். அதன்பிறகு வீட்டில் யார் கேட்டாலும் நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை, டேப்பின் குறை என்று ராத்தாவே எனக்காகச் சொல்லிவிடுவார்.

இந்த வருஷம் ரஜப் மாதத்தில், ஹதீஸ் ஓதும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸுக்காக எல்லோரும் ஊரில் கூடியிருந்தபோது, எங்கள் தெருவில் ஒரு வீட்டார் தங்கள் வாப்பாவின் கேசட்டுகளை என்னிடம் கொண்டுவந்தார்கள். 96,000, 24 பிட் என்று வைத்தேன். மணிக்கு இரண்டு ஜிகாபைட் போகும், போகட்டும். எதையும் நீக்கவில்லை. கேசட்டுகளைத் துடைத்து, பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதை ராத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவரின் குரல், பின்னால் கோழி, குழந்தை, எல்லாம் வந்தன. "இதுவும் பழைய டேப்புத்தானே தம்பி?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சொல்லிவிட்டேன், எண்கள் உட்பட. அவர் கோபப்படவில்லை. மிச்சமிருக்கும் சிடியை மட்டும் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். இனி அது என் பொறுப்பில் இருக்கவேண்டாம் என்றார். கொடுத்துவிட்டேன்.

ஹாங்காங்கில் இருக்கும் காக்காவுக்கு இன்னும் தெரியாது. கேசட்டுகள் அலமாரியில் இருப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். போன முறை பேசும்போதுகூட, வரும்போது அவற்றை எடுத்துப் போட்டுக் கேட்கவேண்டும் என்றார், நானும் சரி என்றேன். இது அச்சாகி அவர் கைக்குப் போவதற்கு முன்னால் நானே கூப்பிட்டுச் சொல்லவேண்டும். இன்று இஷா தொழுகைக்குப் பிறகு கூப்பிடுகிறேன்.