ஒரே தண்ணீர்





இவ்வாரத் தியானப் பகுதி: மத்தேயு 13:24–30

குருமனையின் மொட்டைமாடியில் நம் வாலிபர் ஐக்கியத்தார் அமைத்திருக்கிற அக்வாபோனிக்ஸ் தோட்டத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழே ஒரு தொட்டியில் ஜிலேபி மீன்கள்; மேலே கூழாங்கல் நிரப்பிய பாத்திகளில் வெண்டை, தக்காளி, கீரை. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை, கற்களில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டே செடிகளுக்கு உணவு. செடிகள் அதை எடுத்துக்கொண்டபின், தண்ணீர் மறுபடியும் மீன்களிடமே திரும்புகிறது. ஆகவே இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரும், மீன் சுவாசிக்கிற தண்ணீரும் ஒன்றே.

இதை அறிந்திருந்தும் நான் மறந்துபோனேன். சென்ற தவக்காலத்தில் வெண்டைச் செடிகளின் தளிர்களில் அசுவினி அடர்ந்து, இலைகள் சுருண்டன. ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாள் பிரசங்கத்தை முடிக்கவேண்டிய அவசரத்தில், கடையில் வாங்கிய பூச்சிமருந்தைச் செடிகள்மேல் நன்றாகத் தெளித்தேன். அது ஒரு பூவிலிருந்து எடுக்கப்பட்டது, இயற்கையானது என்று கேட்டதே எனக்குப் போதுமாயிருந்தது. புட்டியின்மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த எச்சரிக்கையை நான் வாசிக்கவில்லை.

ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன்பு, மீன்களுக்குத் தீனி போடுகிற ஓய்வுநாள் பள்ளிச் சிறுவன் தீனி டப்பாவோடு கீழே இறங்கி வந்தான். "ஐயா, மீன் எல்லாம் மேலே மிதக்குது" என்றான். சற்றுநேரம் நின்றுவிட்டு, "இனிமே தீனி போட வேண்டாமா ஐயா?" என்று கேட்டான். அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.

செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து பைரித்ரம் என்னும் மருந்து எடுக்கப்படுகிறது. அது பூச்சியைக் கொல்லும். மீனுக்கோ அது கொடிய நஞ்சு. அதைப் பின்பற்றி ஆலைகளில் செய்யப்படும் பைரித்ராய்டு மருந்துகளும் அப்படியே. பூவிலிருந்து வந்தது என்பது உண்மைதான். ஆயினும் என் மீன்கள் செத்தன. தப்பிப் பிழைத்த சில அசுவினிகளோ இரண்டே வாரத்தில் மறுபடியும் பெருகிவிட்டன.

பிரியமானவர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த மற்றொரு காரியத்தையும் அறிக்கையிடவேண்டும். சம்பந்தப்பட்ட இருவரின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். நம் சபையில் புறங்கூறுதலால் ஒரு மனக்கசப்பு உண்டாகியிருந்தது. ஒருவரை மனதில் வைத்து, பெயர் சொல்லாமல், நாவின் பாவத்தைக்குறித்துக் கடுமையாகப் பிரசங்கித்தேன். ஆராதனை முடிந்ததும் அவரே வந்து, "நல்ல செய்தி ஐயா, பலருக்கு இது தேவைதான்" என்று கைகுலுக்கிச் சென்றார். அந்தக் காரியத்தில் எந்தப் பங்கும் இல்லாத வேறொரு சகோதரி அதன்பின் மூன்று வாரம் ஆலயத்துக்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன். காபி கொடுத்துவிட்டு, தலைகுனிந்தபடி அவர் கேட்டார்: "நீங்க சொன்னது என்னைத்தானே ஐயா?"

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் உண்மை என்பதனாலேயே ஒரு வார்த்தை தீங்கற்றதாகிவிடாது. அதை எங்கே தெளிக்கிறோம், அங்கிருந்து அது எங்கே வடிகிறது என்று பார்க்கவேண்டும். சபையும் ஒரே தண்ணீரால் வாழ்கிற இடம்.

மீன்களை மறுபடியும் விட்டபின், பூச்சிகளை எதிர்கொள்ளும் விதத்தை நாங்கள் மாற்றிக்கொண்டோம். காலையில் இலைகளின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிவிடுகிறோம். மாலையில் புழுக்களைக் கையால் பொறுக்குகிறோம். அவை மீன்களுக்கே இரையாகின்றன. வெள்ளை ஈக்களுக்கு மஞ்சள் நிற ஒட்டும் அட்டைகளைக் கட்டினோம். நாற்றுகளை வலையால் மூடினோம். அசுவினி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காப்பதால், பாத்திகளைத் தாங்கும் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம். கொத்தமல்லியைப் பூக்க விட்டோம்; நன்மை செய்யும் பூச்சிகள் அதைத் தேடி வருகின்றன. ஒரு பொறிவண்டைக் கண்டால் இப்போது சிறுவர்கள் கூச்சலிட்டுக் கூப்பிடுகிறார்கள். அதன் குஞ்சுப்புழுவும் அசுவினியைத் தின்னும்.

புழுக்கள் மிகுந்தால் மட்டும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவைத் தெளிக்கிறோம். ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் 1911 இல் எர்ன்ஸ்ட் பெர்லினர் அதைப் பிரித்தெடுத்து, பின்பு அந்தப் பகுதியின் பெயரையே அதற்கு இட்டார். இலையோடு அதைத் தின்ற புழுவின் குடலில்தான் அதன் நஞ்சு வேலை செய்யும், மீனைத் தொடாது. வெயிலில் அது வலுவிழப்பதால் மாலையில் தெளிக்கிறோம். வீட்டில் இப்படித் தோட்டம் வைத்திருப்பவர்கள் வேப்பெண்ணெயிலும் சோப்புக் கரைசலிலும்கூட எச்சரிக்கையாயிருங்கள். சோப்பு மீனின் செவுள்களைக் கெடுக்கும். வேம்பும் அளவு மிஞ்சித் தண்ணீரில் கலந்தால் மீனுக்குக் கேடு.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. செடியின் அருகே போய் நிற்கவேண்டும். இலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். மறுநாளும் வரவேண்டும். புட்டியைத் தெளிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. இதற்கோ தினமும் அரைமணி நேரம் ஆகிறது.

களைகளைப் பிடுங்கவா என்று வேலைக்காரர் கேட்டபோது வீட்டெஜமான் அவர்களைத் தடுத்ததை நம் தியானப் பகுதியில் வாசிக்கிறோம். களையின்மேல் அவனுக்கு இரக்கம் என்பதல்ல. கோதுமையின்மேல் அவனுக்குக் கவலை. பாலஸ்தீனத்துக் கோதுமை வயல்களில் முளைக்கும் அந்தக் களை, கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே இருக்கும். இரண்டின் வேர்களும் பின்னிக்கொள்ளும். அப்படியானால் சபையில் தவறுகளைக் கண்டும் காணாமல் இருக்கவேண்டுமா? இல்லை. நிலம் என்பது உலகம் என்று ஆண்டவரே விளக்கியிருக்கிறார் (மத்தேயு 13:38). சபைக்குள் தவறு செய்கிற சகோதரனிடம் முதலாவது தனியே போய்ப் பேசும்படி அவரே கற்பித்திருக்கிறார் (மத்தேயு 18:15). அசுவினியை விட்டுவைத்தால் செடி அழியும். ஆனால் அதை அகற்றும் வழி, தொட்டியில் உள்ளவற்றை வாழவிடுகிற வழியாக இருக்கவேண்டும்.

நான் பிரசங்கபீடத்திலிருந்து சொன்னதை, பின்பு உரியவரிடம் தனியே சென்று சொன்னேன். அது எனக்கு அதிகக் கடினமாயிருந்தது. அவர் முதலில் கோபப்பட்டார், பின்பு அழுதார். அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் இப்போது ஆராதனைக்கு வருகிறார். பாடகர் குழுவுக்கு இன்னும் திரும்பவில்லை. காத்திருக்கிறேன்.

இந்த வாரம் உங்கள் வீட்டிலோ, சபையிலோ, பணியிடத்திலோ யாரையாவது திருத்தவேண்டியிருக்கலாம். உணவு மேசையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லப்படுகிற ஒரு வார்த்தையும், வாட்ஸ்அப் குழுவில் பெயரில்லாமல் இடப்படுகிற ஒரு பதிவும், தவறு செய்யாத ஒருவரைச் சென்று சேரும். அவர் உங்களிடம் வந்து சொல்லமாட்டார்; மீன்கள் சத்தமிடுவதில்லை. ஆகவே புட்டியைக் கீழே வைத்துவிட்டு, அருகே போங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, எங்கள் அவசரத்தினாலும் கடுமையினாலும் நாங்கள் காயப்படுத்தினவர்களை நினைவுகூருகிறோம். எங்களை மன்னியும். குற்றத்தைக் கண்டிக்கும்போதும் ஆத்துமாவைக் காக்கிற பொறுமையை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.